மை தொட்ட இடம்

வின்னிபெக்கில் ஒரு மருத்துவமனை ஆய்வகத்தில் ஒரீசியா டானில்சக் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்தாள். அறுவை சிகிச்சையில் எடுத்த சதையை மெழுகில் பதித்து, முடியைவிட மெல்லிசாகச் சீவி, கண்ணாடியில் ஒட்டுகிற வேலை. நான் அடுத்த மேசை. ஒருமுறை கேட்காமல் அவள் கத்தியை எடுத்துவிட்டேன். மூன்று வாரம் என்னோடு பேசவில்லை.

அவள் கணவர் ஸ்டெஃபானுக்கு ப்ராஸ்டேட்டில் புற்றுநோய் வந்து, அந்தச் சுரப்பியையே எடுத்தார்கள். சொந்தக்காரர் என்பதால் அவள் தொடக்கூடாது, நான்தான் சீவினேன். சுரப்பியின் வெளிப்புறம் முழுக்க மை பூசியிருக்கும். புற்று அந்த மையைத் தொட்டிருந்தால், உடம்பிலும் மிச்சம் இருக்கலாம், நோய் திரும்பலாம். நுண்ணோக்கியில் பார்த்த டாக்டர் கென்ட்ரிக் லைல், "தொடவில்லை" என்று எழுதினார். அதை வைத்து, திரும்பி வர நூற்றுக்கு எட்டுதான் வாய்ப்பு, வருடத்துக்கு ஒருமுறை ரத்தம் பார்த்தால் போதும் என்றார்கள்.

இரண்டாம் வருடம், ரத்தத்தில் இந்தப் புற்றைக் காட்டிக்கொடுக்கும் பி.எஸ்.ஏ., பூஜ்யத்தை ஒட்டி இருக்கவேண்டியது, 0.9-இல் வந்து நின்றது.

லைலிடம் போய்க் கேட்டாள். "அந்த எட்டுல உங்க வீட்டுக்காரர் விழுந்துட்டார், ஒரீசியா. துரதிர்ஷ்டம்."

சாப்பாட்டு அறையில் என்னிடம், "துரதிர்ஷ்டமாம்! இரு, அவனைப் பாத்துக்கறேன்" என்றாள்.

ஸ்டெஃபானிடம் கையெழுத்து வாங்கி, அந்தக் கண்ணாடிகளை வேறொரு டாக்டர் பார்க்க டொராண்டோவுக்கு அனுப்ப வைத்தாள். பதில் வந்தது: புற்று இரண்டு இடத்தில் மையைத் தொட்டிருக்கிறது.

லைல் அவளை நடைவழியில் மடக்கினார். "விஷயம் வெளிய போகாம பேசித் தீர்த்துக்கலாமே?"

"பேசலாம் டாக்டர். வீட்டுக்கு வந்து அவர் மூஞ்சியப் பாத்துப் பேசுங்க."

ஞாயிற்றுக்கிழமை லைல் போனார். ஸ்டெஃபான் காபி ஊற்றிக் கொடுத்தாராம். "தப்பு யாருக்கும் வரும். விடு, ஒரீசியா."

"நீங்க மன்னிச்சாச்சு. நான் மன்னிக்கல."

திங்களன்றே மருத்துவர்களைக் கட்டுப்படுத்தும் அமைப்புக்குப் புகார் போனது. லைலின் நாலு வருட அறிக்கைகளை மறுபடி பார்த்தார்கள். இன்னும் பதினொன்று தவறு. பதினொரு வீட்டுக்குக் கடிதம் போனது. நுண்ணோக்கி பார்க்கும் உரிமை லைலிடமிருந்து பறிபோனது.

"போறவருக்கு ஒரு கேக் வெட்டலாமா?" என்று ஒரீசியாவிடம் கேட்டேன்.

"வெட்டு. அதுல என்ன இருக்குன்னு மட்டும் அவர்கிட்ட கேக்காத, ஒண்ணுமே இல்லன்னு எழுதிடுவார்."

ஸ்டெஃபானுக்கு முப்பத்து மூன்று தடவை கதிர்வீச்சு கொடுத்தார்கள். எண் இறங்கியது, பூஜ்யத்துக்கு வரவில்லை. "இப்பவாவது உன் மனசு ஆறிச்சா?" என்று அவர் கேட்டாராம். "இல்ல" என்றாளாம்.

போன மார்ச்சில் நாங்கள் இருவரும் மளிகைக் கடையில் லைலைப் பார்த்தோம். அவர் வண்டியைத் திருப்பினார். இவளும் திருப்பினாள். ரொட்டி, பால், இறைச்சி என்று அவர் போன பக்கமெல்லாம் இரண்டடி பின்னால் போய் நின்றாள். நான் கையைப் பிடித்து இழுத்தும் வரவில்லை. கடைசியில் அவர் நிறைந்த வண்டியை அப்படியே விட்டுவிட்டு, பனியில் வெறுங்கையோடு வெளியே போனார்.

"வா, உருளைக்கிழங்கு எடுக்கணும்" என்றாள்.