டேப்புக்கு அந்தப் பக்கம்

எங்கள் வீட்டில் "கத்திரி" என்றால் என் கொழுந்தன் பெண்டாட்டி. தையல்காரி. துணியைவிட வேகமாக ஆளை வெட்டுவாள். மூத்த பையன் கைக்குழந்தையாக இருந்தபோது கக்குவான் இருமல் வந்து, மூச்சிழுக்க முடியாமல் அவள் மடியிலேயே நீலம் பாரித்தான். பிழைத்துவிட்டான். ஆனால் "சும்மா சளிதான்" என்று இருமிக்கொண்டே அவனைக் கொஞ்சியவர்களை அவள் மறக்கவில்லை.

இரண்டாவது உண்டானபோது, ஏழாம் மாதம் தானே போய்க் கக்குவானுக்குத் தடுப்பூசி போட்டுக்கொண்டாள். பிறந்த பிள்ளைக்கு ஒன்றரை மாதம் ஆகும்வரை அந்த ஊசி போட முடியாது. அதுவரைக்கும் தாயிடமிருந்து கொஞ்சம் காப்பு போய்ச் சேர வேண்டும். அடுத்து எங்களை விரட்டினாள்.

"எனக்குச் சின்ன வயசுலயே போட்டாச்சுடி," என்றார் மாமியார்.

"சின்ன வயசுல தைச்ச பாவாடை இப்ப உங்களுக்குப் பத்துமா அத்தை? அதுவும் அப்படித்தான்."

மாமியார் முணுமுணுத்தபடி கையை நீட்டினார். நாங்களும் போட்டுக்கொண்டோம். அசையாதவர் என் வீட்டுக்காரர் மட்டும்தான். மலைப்பாதையில் லாரி ஓட்டுகிறவருக்கு ஊசி என்றால் பயம். வெளியே சொல்வாரா?

பெண் பிறந்தாள். இவர் கையில் கிலுகிலுப்பையோடும் தொண்டையில் இருமலோடும் வந்து இறங்கினார். கத்திரியின் அறை வாசலில் குறுக்கே அளவு டேப்பு கட்டியிருந்தது.

"என்னம்மா இது, வேலியா?"

"ஆமா அத்தான். ஊசி போடாதவங்களுக்கு."

"வெறும் லாரிப் புகை இருமல்மா."

"இருக்கட்டும். நான் நினைச்சது தப்புன்னா உங்ககிட்ட மன்னிப்பு கேட்டுக்கறேன். நீங்க நினைச்சது தப்புன்னா?"

மாமியார் என் பக்கம் திரும்பினார். "உன் புருஷனை வாசல்ல நிக்க வைக்கிறா, பாத்துட்டு நிக்கிறியே!"

"நின்னா கால் தேஞ்சுடாது அத்தை."

இவர் முறைத்துக்கொண்டு போனார். மறுநாள் சாயங்காலம் கையில் பஞ்சு, பையில் இருமல் மருந்து, முகத்தில் போரில் ஜெயித்த களை. நேராக வந்து டேப்பைத் தூக்கினார். கத்திரி ஸ்கேலால் விரலில் ஒரு தட்டு தட்டினாள்.

"ஊசி வேலை செய்யவே ரெண்டு வாரம் ஆகும். இருமலும் நிக்கணும். டாக்டர் சொல்லலையா?"

"சொன்னாரு... ஆனா குத்திக்கிட்டு வந்திருக்கேன்மா!"

"அதுக்கு மிட்டாய் வேணுமா அத்தான்? ஜன்னலுக்குப் போங்க."

மூடிய கண்ணாடிக்கு உள்ளே அவள் பிள்ளையைத் தூக்கிக் காட்டினாள். இவர் வெளியே நின்று கிலுகிலுப்பையை ஆட்டினார். நடுவில் இருமல் வந்தது. அவராகவே முகத்தைத் தெருப்பக்கம் திருப்பிக்கொண்டார்.

கத்திரி அதைப் பார்த்தாள். பார்த்துவிட்டு, தளர்ந்திருந்த டேப்பை இழுத்து இன்னொரு முடிச்சு போட்டாள்.