மழை நோட்டில் எழுதிய சிக்னல்

காப்பித் தோட்டம் வைத்திருப்பவர்கள் வீட்டில் வேறு எது இல்லாவிட்டாலும் ஒரு மழை நோட்டு இருக்கும். தினமும் காலையில் மழைமானியைப் பார்த்து, எவ்வளவு பெய்தது என்று ஒரு கட்டத்தில் எழுதுவோம். பக்கத்துக் கட்டத்தில் அன்றைய வேலை. நாகலூருக்கு மேலே எங்களுக்கு இருப்பது சின்னத் தோட்டம்தான். ஆனாலும் நோட்டு மட்டும் பெரிய எஸ்டேட்டில் கணக்கெழுதும் ரைட்டர் வைத்திருப்பதைப் போல நீளமானது. போன டிசம்பரில் மூன்று வாரம் அந்த நோட்டில் நான் வைஃபை சிக்னலையும் எழுதிக்கொண்டிருந்தேன்.

காரணம் என் மனைவி. சேலத்தில் கணக்கு டீச்சராக இருந்தவள். என்னைக் கட்டிக்கொண்டு மலையேறியபோது வேலையை விட்டாள். இரண்டு வருடம் கழித்து, இணையத்தில் பாடம் நடத்தும் ஒரு கம்பெனி அவளை ஒரு மாதிரி வகுப்பு எடுத்துக் காட்டச் சொன்னது. அந்த வேலை கிடைக்காவிட்டால் ஜூனிலிருந்து பழைய பள்ளிக்கே போவதாகவும், திங்கள் முதல் வெள்ளி வரை அம்மா வீட்டில் தங்கிவிட்டு சனிக்கிழமை வந்துவிடுவதாகவும் சொன்னாள். கடைக்குப் போகிறவரிடம் அரிசி வாங்கிவரச் சொல்வதைப் போல அவ்வளவு சாதாரணமாகச் சொன்னாள். ஒரு நாள் சனிக்கிழமையும் வராமல் போய்விடுவாளோ என்று எனக்குப் பயம்.

எங்களுடையது பழைய கல் வீடு. முன் அறையில் இணைய வயர் உள்ளே வருகிறது. அலமாரி மேல் ரௌட்டர். அங்கிருந்து ஒரு நீளமான நடை. நடை முடியும் இடத்தில் பின் அறை. அவள் மேஜை போட்டுக்கொண்டது அந்தப் பின் அறையில். அங்கே சிக்னல் போய்ச் சேர்வதற்குள் மூச்சு வாங்கிவிடும். பரண் வழியாக வயர் இழுத்துக் கொடுத்தேன், நான்காம் நாள் எலி கடித்துவிட்டது. முன் அறைக்கு வந்து உட்காரேன் என்றதற்கு, "எனக்கு அந்த ரூமுதாங்க சரிப்படுது" என்றாள். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. கேட்காததற்குக் காரணம் இருந்தது. அந்த அறையின் ஜன்னலில் நின்றால் கீழே ரோடு தெரியும். காலையில் சேலம் போகிற பஸ் வளைவில் திரும்பி மறைவது வரைக்கும் தெரியும். காப்பி டம்ளரோடு அவள் அங்கே நிற்பதைப் பல நாள் பார்த்திருக்கிறேன்.

பஸ்ஸை நிறுத்த என்னால் முடியாது. சிக்னலைச் சரிசெய்யலாம் என்று தோன்றியது. பயந்தவன் இப்படித்தான் கையில் கிடைத்த வேலையைப் பிடித்துக்கொள்வான்.

ரௌட்டருக்குள் இருந்து அதை ஓட்டும் மென்பொருளுக்கு ஃபர்ம்வேர் என்று பெயர். கம்பெனிக்காரன் போட்டுத் தருவது ஒன்று. அதை எடுத்துவிட்டு, உலகத்தில் எங்கெங்கோ இருக்கிற ஆர்வக்காரர்கள் எழுதி இலவசமாகக் கொடுக்கும் வேறொன்றையும் போடலாம். அதே பெட்டி அதிக தூரத்துக்கு, அதிக வேகத்தில் அனுப்பும் என்று இணையத்தில் சத்தியம் செய்கிறார்கள். போடும்போது கரண்ட் போனால் பெட்டி எதற்கும் உதவாத செங்கல்லாகிவிடும் என்றும் அவர்களே சொல்கிறார்கள். மூன்றையாவது போட்டுப் பார்த்து எது நல்லது என்று முடிவுகட்டுவது என்று இறங்கினேன்.

முதல் வாரம் கம்பெனி ஃபர்ம்வேர். அந்த வாரம் முழுக்க மேகம் மலையை விட்டு எழுந்திருக்கவே இல்லை. சில்வர் ஓக் மரங்கள் இடுப்பு வரைக்கும்தான் தெரிந்தன. ஜன்னல் திறந்திருந்தால் பனி உள்ளே வந்து, யாரோ விருந்தாளி மாதிரி முன் அறையில் கொஞ்ச நேரம் இருந்துவிட்டுப் போகும். அதற்குள் நான் போனை நெஞ்சுக்கு நேராகப் பிடித்துக்கொண்டு, ஓர் அடி வைப்பது, நிற்பது, எண்ணைப் பார்ப்பது என்று நடந்துகொண்டிருந்தேன். சிக்னல் எவ்வளவு என்று போன் காட்டுகிற, கழித்தல் குறி போட்ட எண் அது. பூஜ்யத்துக்கு நெருங்க நெருங்க நல்லது. நின்ற இடத்திலேயே ஒன்று ஏறும், ஒன்று இறங்கும். தூங்குகிறவர் மூச்சைப் பார்ப்பது போல அதையே பார்த்துக்கொண்டிருப்பேன். எவ்வளவு நேரம் போனது என்று தெரியாது. நான் செய்வது வேலையா கனவா என்று எனக்கே சந்தேகம் வரும்.

"ஏனுங்க, இன்னுமா போனை வெச்சுக்கிட்டு ஊட்டுக்குள்ள நடக்கறீங்க? நொம்ப நேரமா அடுப்புல பால் பொங்குது" என்று அவள் சத்தம் போடும்போதுதான் தரையில் கால் படும்.

அவள் நாற்காலிக்கு மேலே நின்று அளந்தால் கழித்தல் எண்பத்தொன்று. வேகமும் நத்தைதான். நோட்டில் எழுதினேன்.

இரண்டாம் வாரம் வெயில் வந்தது. புது ஃபர்ம்வேரைப் போட்டேன். போடுகிற நேரத்தில் கரண்ட் போகக்கூடாதே என்று மின்கம்பத்தைப் பார்த்தபடி வாசலில் நின்றேன். பெட்டி பிழைத்துக்கொண்டது. மத்தியானம் அளந்தேன். அதே நாற்காலி, கழித்தல் அறுபத்து நான்கு. இன்னொரு முறை அளந்தேன். அதேதான். ஓடிப்போய் அவளிடம் காட்டியபோது நான் அந்த எண்ணைப் பெற்றெடுத்தவனைப் போல இருந்தேனாம். அவள் சிரித்தாள். மூன்றாவதாக இன்னொன்றைப் போட்ட நாட்களில் மறுபடி மூட்டம். எண் எண்பதுக்குப் போனது. அதைத் திட்டிவிட்டு இரண்டாவதையே திரும்பப் போட்டேன். விஷயம் முடிந்தது என்று நினைத்தேன்.

மாதிரி வகுப்பு ஒரு புதன்கிழமை, காலை பதினொரு மணிக்கு. அன்று எட்டு மணிக்கு மழைமானியில் ஒன்றும் இல்லை என்று எழுத நோட்டைத் திறந்தேன். மூன்று வாரமும் ஒரே பக்கத்தில் கிடந்தது. மழை, வேலை, சிக்னல். கண் தற்செயலாகக் குறுக்கே ஓடியது. "கொட்டை உள்ளே" என்று எழுதிய நாட்களில் எல்லாம் எண்பது. "கொட்டை களத்தில்" என்று எழுதிய நாட்களில் எல்லாம் அறுபத்து நான்கு, அறுபத்தைந்து.

அந்த வருடம் எங்கள் காப்பிக் கொட்டகையின் கூரை ஒழுகியது. அதனால் பாதி காய்ந்த கொட்டையைச் சாயங்காலம் மூட்டை கட்டி, நடையில் இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு அடுக்குவோம். வெயில் வந்தால் களத்தில் கொட்டிக் காயவைப்போம். ஈரக் காப்பி சிக்னலைக் குடித்துவிடும் என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. போனை எடுத்துக்கொண்டு மூட்டைகளுக்கு நடுவே பின் அறைக்குப் போனேன். நான் கொண்டாடிய அதே ஃபர்ம்வேர், கழித்தல் எண்பது.

வெட்கமாக இருந்தது. அவளிடம் சொல்லவில்லை. வெயில் நன்றாக இருந்ததால், கொட்டை கிளற வருகிற அக்காவும் நானும் ஒன்பது மணிக்குள் எல்லா மூட்டையையும் களத்தில் கொட்டிவிட்டோம். நடை காலியானது. எண் நல்லபடியாக ஏறியது. பதினொரு மணிக்கு அவள் கதவைச் சாத்திக்கொண்டாள்.

இருபது நிமிடம் ஆகியிருக்கும். அக்கா கிளறுவதை நிறுத்திவிட்டு மேலே பார்த்தார்.

"கண்ணு, மேக்கால மேகம் எறங்குது. கொட்டைய அள்ளிரலாமுங்களா?"

"கொஞ்சம் பொறுங்கக்கா."

"எதுக்குப் பொறுக்கோணும்? தூத்தல் போடுது பாருங்க."

போட்டது. அள்ளினால் நடையில்தான் அடுக்க வேண்டும். அடுக்கினால் வகுப்பு அறுந்துவிடும். அள்ளாவிட்டால் ஒரு வருடத்துக் காப்பி நனைந்து புளித்துவிடும். தார்ப்பாய் கொட்டகையின் ஒழுகலுக்கு மேலே கட்டிக் கிடந்தது. அக்கா என்னையே பார்த்தார். நான் கையில் கிளறுகோலோடு களத்து நடுவே நின்றேன். நனைந்தால் நனையட்டும் என்றுதான் நின்றேன். அவள் வெள்ளிக்கிழமை வரை இல்லாத வீட்டில் காய்ந்த காப்பியை வைத்துக்கொண்டு என்ன செய்வது?

அப்போது பின் கதவு திறந்தது. அவள் பட்டுப்புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடி வந்தாள்.

"ஏனுங்க, பாத்துக்கிட்டே நிக்கறீங்க? சாக்கை எடுங்க!"

"நீ எதுக்கு வந்தே? அங்க வகுப்பு..."

"ஒரு நிமிஷம்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். புடிங்க மொதல்ல."

மூன்று பேரும் அள்ளினோம். என்னிடம் ஏன் என்று கேட்க அவளுக்கு நேரமில்லை. மூட்டைகள் நடையில் ஏறின. அவள் புடவை நனைந்தபடி உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் அவள் குரல், "கேக்குதுங்களா? கேக்குதுங்களா?" என்று மட்டும் வந்தது. பின் அறை வாசலுக்குப் போனேன். உண்மையைச் சொன்னேன்.

"மூட்டைதான் மறைக்குது. ஃபர்ம்வேர் இல்ல. இன்னைக்குக் காலையிலதான் தெரிஞ்சுது."

அவள் என்னைப் பார்த்த பார்வையை இங்கே எழுத முடியாது. லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு நடையைக் கடந்து வந்தாள். முன் அறைப் பக்கம் கடைசியில் தனியாகக் கிடந்த மூட்டை மேல் ஏறிச் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். படம் வந்தது. சாக்கு வாயிலிருந்து ஒரு கை கொட்டையை அள்ளி, கேமராவுக்குக் காட்டினாள்.

"இது காப்பிக் கொட்டை. ஒரு பழத்துக்குள்ள ரெண்டு இருக்கும். ஒண்ண எடுத்துட்டா மிச்சம் எவ்வளவு?"

எங்கோ ஓர் ஊரில் இருந்த பிள்ளை "பாதி" என்றது. நடை முழுக்க ஈரக் காப்பியின் புளித்த வாசனை. மழை ஓட்டின் மேல் மெல்லப் பெய்துகொண்டிருந்தது. நான் அலமாரியைப் பிடித்துக்கொண்டு அசையாமல் நின்றேன், அசைந்தால் சிக்னல் கலைந்துவிடும் என்பது போல.

நான்கு நாள் கழித்து கம்பெனியிடமிருந்து பதில் வந்தது. மூன்று மாதம் வேலை கொடுத்துப் பார்க்கலாம், இணைப்பை மட்டும் சரிசெய்துகொள்ளுங்கள் என்று எழுதியிருந்தார்கள். எனக்கு அழுகை வந்துவிட்டது. உடனே அவள் மேஜையை முன் அறைக்குத் தூக்கப் போனேன்.

"அது அங்கயே இருக்கட்டுங்க. நீங்க கொட்டகைக் கூரைய மாத்துங்க, மூட்டை அங்க போயிரும்."

"அந்த ரூமுல அப்படி என்னதான் இருக்குது?" என்று கடைசியில் கேட்டேன். "பஸ்ஸா?"

"எந்த பஸ்ஸுங்க?" என்றாள். உண்மையிலேயே புரியாமல் கேட்டாள்.

அவள் அடுப்பங்கரைக்குப் போனதும் பின் அறைக்குப் போனேன். மூன்று வாரம் அந்த நாற்காலிக்கு மேலே போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அதில் ஒரு தடவைகூட உட்கார்ந்ததில்லை. அன்று உட்கார்ந்தேன். ஜன்னல் கட்டை ரோட்டை முழுசாக மறைத்துவிட்டது. வளைவும் தெரியவில்லை, பஸ் போனாலும் தெரியாது. தெரிந்தது களம் மட்டும்தான். நான் தினமும் குனிந்து கொட்டை கிளறுகிற இடம். நான் போட்டுவிட்டு வந்த கிளறுகோல் அங்கே கிடந்தது.

எழுந்து களத்துக்குப் போனேன். வெயில் லேசாக இருந்தது. கொட்டையைக் கிளற ஆரம்பித்தேன். ஜன்னல் பக்கம் திரும்பிப் பார்க்கவில்லை, ஆனால் வழக்கத்தைவிட நிதானமாகக் கிளறினேன்.