வானொலியின் கழுத்துவலி

முடிதிருத்தகம் வைத்திருந்த அவரைத் தெருவே 'வானொலி' என்றுதான் அழைக்கும். கத்தரியைவிட வாய் வேகம். வருடக்கணக்கில் குனிந்து அடுத்தவர் பிடரியைச் சீராக்கியதில், அவருடைய பிடரி மக்கர் செய்தது. யாராவது பின்னாலிருந்து கூப்பிட்டால் பீரோவை நகர்த்துவதுபோல முழு உடம்பையும் திருப்பவேண்டும். வலி மாத்திரைகளோ வயிற்றைப் புண்ணாக்கிவிட்டன.

மருத்துவமனையில், கழுத்துவலிக்கு ஒளி பாய்ச்சும் கருவி உதவுமா என்று ஆய்வு நடந்தது. வானொலி பேர் கொடுத்தார்.

"பாதிப் பேருக்கு நிஜ ஒளி, மீதிப் பேருக்கு ஒளி வராத வெறும் கருவி. கண்ணைக் கட்டிடுவோம். யாருக்கு எதுன்னு எனக்கே தெரியாது," என்றார் டாக்டரம்மா. "முடியிற வரைக்கும் மத்த நோயாளிங்ககிட்ட இதைப் பத்திப் பேசாதீங்க. ஒருத்தர் நல்லாயிருக்குன்னா அடுத்தவருக்கும் அப்படியே தோணிடும்."

"பேசக்கூடாதா?" வலியே தேவலை என்றிருந்தது அவருக்கு.

அதே ஆய்வில் சேர்ந்திருந்த தபால்காரர் ஒருநாள் முடிவெட்ட வந்தார். வாய் திறந்தால் பேச்சு கழுத்துக்குப் போய்விடுமோ என்று இருவரும் மழையைப் பற்றிக்கூட மூச்சுவிடவில்லை. எட்டிப் பார்த்த வானொலியின் மனைவி பதறிப்போனார்.

"ரெண்டு பேருக்கும் என்ன சண்டை?"

வாரங்கள் ஓடின. வலி மெல்ல இறங்கியது. ஆய்வு முடிந்ததும் டாக்டரம்மா, "உங்களுக்கு வெச்சது வெறும் கருவிங்க," என்றார்.

வானொலியின் முகம் தொங்கிவிட்டது. "அப்போ குறைஞ்சது பொய்யா? நான் நடிச்சேனா?"

"இல்லவே இல்லீங்க. நம்பிக்கையில, கவனிப்புல நிஜமாவே வலி குறையும். அது எவ்வளவுன்னு உங்களை மாதிரி ஆளுங்களை வெச்சுத் தெரிஞ்சாதானே, ஒளி அதுக்கு மேல என்ன செய்யுதுன்னு சொல்லமுடியும்? நிஜ ஒளி பட்டவங்களுக்கு இன்னும் கொஞ்சம் கூடுதலாக் குறைஞ்சிருக்கு. பெரிய அதிசயமெல்லாம் இல்ல. வேணும்னா உங்களுக்கும் வைக்கலாம்."

வாசலுக்கு வந்ததும், கூட வந்திருந்த மனைவி, "வாராவாரம் உங்களை அசையாம, பேசாம படுக்கவெச்சாங்களே, அதைவிட வேற மருந்து வேணுமா?" என்றார். வானொலிக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது.

நிஜ ஒளியும் வைத்துக்கொண்டார். வலி அடியோடு போகவில்லை, ஆனால் அடங்கியிருந்தது. ஒருநாள் இருவரும் படத்துக்குப் பிந்திப் போனதால் திரையரங்கில் முன்வரிசைதான் கிடைத்தது. அவர் அண்ணாந்து பார்த்துக்கொண்டிருக்க, மனைவிக்கு மனம் கேட்கவில்லை.

"வலிக்குதா?"

"கொஞ்சம்."

"போயிடலாமா?"

"இரு, கதாநாயகி இன்னும் அழுது முடிக்கல."