பறவை பார்க்கப் போன இடத்தில் பத்தாயிரம் வாலா

இத்தனை நாள் இந்தக் குழுமத்தில் வாயைத் திறக்காமல் இருந்துவிட்டேன். இனி முடியாது.

இன்று காலை ஆமத்தூர்ப் பக்கம் ஒரு கண்மாய்க்குப் பள்ளிப் பிள்ளைகளைப் பறவை பார்க்கக் கூட்டிப் போனோம்.

மஞ்சள் மூக்கு நாரைகள் கருவேல மரங்களில் கூடு கட்டி அடைகாக்கும் நேரம். சில கூடுகளில் குஞ்சு பொரித்துவிட்டது.

இதைப் பிள்ளைகளுக்குக் காட்ட வேண்டும் என்று வருடக்கணக்காகக் கெஞ்சியவன் நான். வேனுக்கும் டிபனுக்கும் பொறுப்பேற்றவர் அத்தான். (அக்கா வீட்டுக்காரர். பட்டாசுக் கம்பெனி முதலாளி, ஊர்ச் சங்கத்தின் தலைவர். விலங்கியலில் எம்.எஸ்ஸி. முடித்த நான் அவரிடம்தான் ஆர்டர் எழுதுகிறேன்.)

பிள்ளைகளிடம் நேற்றே சொல்லியிருந்தேன். சிவப்புச் சட்டை வேண்டாம், கத்தக் கூடாது, செருப்பைத் தேய்த்து நடக்கக் கூடாது.

பாவம், மூச்சைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள்.

கரைமேல் ஏறினால், கம்பெனி ஆள் ஒருவர் சிவப்பாக எதையோ நீளத்துக்கு உருட்டி விரித்துக்கொண்டிருக்கிறார்.

பத்தாயிரம் வாலா.

"அத்தான், என்ன இது?"

"தொடக்க விழா மாப்ள. தலைமை விருந்தினர் வந்திருக்காக. வெடி போடாம எப்படி? எளவு வீடா இது?"

(எங்கள் ஊரில் எழவு வீட்டிலும் வெடி உண்டு.)

"அம்புட்டும் பறந்துரும் அத்தான்."

"பறவைன்னா பறக்கத்தான செய்யும்? ஏலே, பத்த வைலே."

பற்ற வைத்தார்.

கண்மாயே கிளம்பியது போல் அத்தனை நாரைகளும் ஒரே சமயத்தில் எழுந்தன. பிள்ளைகள் கைதட்டினார்கள். கத்தக் கூடாது என்று நான் சொன்னது வெடிச் சத்தத்தோடு போயிற்று.

தலைமை விருந்தினர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அருமையான ஐடியா சார். இல்லன்னா அதுக பாட்டுக்கு உக்காந்துல்ல இருந்திருக்கும். நம்ம கண்ணுக்கு எங்க தெரிஞ்சிருக்கும்?"

கூட வந்த ஆசிரியர் கடிகாரத்தைப் பார்த்தார்.

"முடிஞ்சிருச்சுல்ல சார்? டிபன் எங்கன வச்சிருக்கீக?"

வேன் கிளம்பிய பிறகும் நான் பைனாகுலரோடு நின்றேன்.

முதலில் வந்தவை காக்கைகள்.

வெகுநேரம் கழித்து நாரைகள் ஒவ்வொன்றாகத் திரும்பின. ஆனால் கரையோரத்து மரங்களுக்கு ஒன்றுகூட வரவில்லை. அந்தக் கூடுகளில் காக்கைகள் வேலையை முடித்திருந்தன.

காலடியில் கரை முழுக்கக் கிழிந்த தாள்.

ஏழாம் வகுப்பில் எனக்குப் பரிசாக ஒரு பறவைப் படப் புத்தகம் கிடைத்தது. ஞாயிற்றுக்கிழமைகளில் அதைத் தூக்கிக்கொண்டு இதே கண்மாயைச் சுற்றியிருக்கிறேன். முதன்முதலில் இந்த நாரைக்குப் பெயர் கண்டுபிடித்ததும் அதில்தான்.

நான் மதுரையில் கல்லூரி விடுதியில் இருந்தபோது அக்கா அதைப் பழைய பேப்பரோடு எடைக்குப் போட்டுவிட்டாள்.

எங்கள் ஊரில் பழைய தாளைக் குழாயாகச் சுருட்டி வெடிமருந்து அடைப்பார்கள். என் புத்தகம் எந்தத் தெருவில் வெடித்ததோ தெரியாது.

"பழைய புத்தகந்தானடா, இன்னுமா அதையே சொல்லிக்கிட்டு இருக்க?" என்பாள் அக்கா.

ஆமாம், இன்னும்தான்.

சாயங்காலம் அத்தான் போன் செய்தார்.

"மாப்ள, எல்லாருக்கும் ரொம்பத் திருப்தி. சங்க மலருக்கு நீதான் எழுதணும், படிச்ச ஆளு. அடுத்த வருசம் மேல போயி வெடிக்கிற ஃபேன்சி ஐட்டமாக் கொண்டாந்துருவோம்."

"கூட்டுல இருந்ததைக் காக்கா தின்னுருச்சு அத்தான்."

"காக்காவும் பறவைதான மாப்ள."

வைத்துவிட்டார்.

எழுதச் சொன்னார், எழுதிவிட்டேன். சங்க மலரில் இது வராது. அதனால் இந்தக் குழுமத்தில் போடுகிறேன்.

பெயர் போடவில்லை. அனானி என்றே கிடக்கட்டும்.

பயம் என்று நினைப்பவர்கள் நினைத்துக்கொள்ளுங்கள். அடுத்த வருடமும் அந்த வேனில் எனக்கு ஓர் இடம் வேண்டும், தீப்பெட்டியைப் பிடுங்கவாவது.