வடம் பிடித்தவர்க்குப் பங்கு

தை மாதத்துச் சனிக்கிழமை, காலை ஆறு மணி. கிழக்கேகோட்டையில் பதினாலு சக்கரம் காசு கூலிக்கு ஒரு மாட்டுவண்டி பேசிக்கொண்டு நானும் மிஸ்ஸியம்மாவும் பூவாற்றுக்குப் புறப்பட்டோம். மிஸ்ஸியம்மா சீமையிலிருந்து வந்த நர்ஸ். புண்ணுக்கு மருந்து போடுவார். நான் பாறசாலைக்காரி, மருந்து காயுமுன் வேதம் சொல்லிவிடுவேன். போன ஊர் எதிலும் நாங்கள் பட்டினி கிடந்ததில்லை என்ற தெம்பு எனக்கு நிறையவே உண்டு.

விழிஞ்சம் வரை பத்து மைல், வழி சுகம். அப்புறம் வெறும் மணல். பதினொரு மணிக்கு ஒரு மீன்பிடி ஊரின் முன்னால் வண்டியின் அச்சு முறிந்தது. (ஊர்ப்பெயரை எழுதினால் அவர்களுக்குத் தொல்லை, விடுகிறேன்.) ஆசாரி வந்து அச்சு மாட்ட மறுநாள் ஆகும் என்று வண்டிக்காரர் கையை விரித்துவிட்டார்.

ஊர் முழுக்கக் கத்தோலிக்கர். எங்களைப் போன்ற புராட்டஸ்டண்டுகளை அவர்கள் 'பதிதர்' என்பார்கள். பதிதரை வீட்டில் ஏற்றக்கூடாது என்பது அவர்களுடைய பாதிரியாரான அச்சனின் கட்டளை. முதல் வீட்டுக்காரர் லாசர், பெரிய வலைக்குச் சொந்தக்காரர். எங்களைக் கும்பிட்டார், வாசலை மறித்துக்கொண்டுதான் கும்பிட்டார்.

"தப்பா நெனைக்கப்பிடாது அம்மா. நாளைக்கு எங்க மக திரேசம்மாக்கு மூணாம் ஓலை. நீங்க உள்ள வந்தது அச்சனுக்குத் தெரிஞ்சா வாசிக்க மாட்டாரு. பொறவு தவக்காலம், கல்யாணம் இல்ல. மாப்பிள்ள கொழும்புக்குக் கப்பலேறிருவான்."

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு கோயிலில் அறிவிக்கும் ஓலை அது. மனிதர் பேசும்போதே அழுதுவிடுவார் போலிருந்தது.

அவருடைய மனைவி பிரகாசி அடுப்படியிலிருந்து வந்தாள். வெயிலில் சிவந்துபோன மிஸ்ஸியம்மாவின் முகத்தைப் பார்த்தாள்.

"கேட்டியளா, வீட்டுல ஏத்தண்டாம். வடத்தைப் பிடிக்கச் சொல்லுங்க. வடம் பிடிச்சவுகளுக்குப் பங்கு உண்டுல்லா? அதைக் கடப்புறத்து மணல்ல வச்சு நான் ஆக்கிக் குடுக்கேன். இதுல அச்சனுக்கு என்ன?"

கரைமடி என்ற அந்தப் பெருவலையைக் கடலில் வளைத்துப் போட்டு, இரண்டு வடங்களையும் கரையிலிருந்து இழுப்பார்கள். கை வைத்தவர் யாரானாலும் மீனில் பங்கு. பெண்கள் இழுப்பது வழக்கமில்லை, தடையும் இல்லை. இரண்டு மணிக்கு மிஸ்ஸியம்மா செருப்பைக் கழற்றி எறிந்துவிட்டு வடத்தைப் பிடித்தார். ஆண்கள் சிரித்தார்கள். வடம் இழுக்கும் ஏலேலோப் பாட்டில் அவர் குரல் அவர்களை மிஞ்சியதும் சிரிப்பு நின்றது. நானும் சளைக்கவில்லை.

வலையின் மடி நிறையச் சாளை மீன். மாலையில் மணலிலேயே கல் கூட்டி மரச்சீனிக் கிழங்கும் சாளைக் குழம்பும் ஆக்கினாள் பிரகாசி. மிஷன் பங்களா விருந்துகள் பல உண்டவள் நான்; இந்த ருசி எங்கும் கண்டதில்லை. படுக்கை வலைக்கொட்டகையில். அது வலைக்குச் சொந்தம், வீடு ஆகாது. பாயும் தலையணையும் யார் வீட்டிலிருந்து வந்தன என்று கேட்காதீர்கள்.

ஞாயிறு, காலை ஏழரை. ஆசாரி அச்சை மாட்டிக்கொண்டிருந்தார், லாசர் பக்கத்தில் நின்றிருந்தார். பூசைக்கு வந்த அச்சன் நேரே எங்களிடம் வந்துவிட்டார். யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"லாசரே, பதிதருக்கு விருந்து வெச்சியோ?"

"விருந்து இல்ல அச்சா, பங்கு. வடம் பிடிச்சாவ," என்றார் லாசர்.

"ஆரு, இந்த மதாம்மாவா?"

மிஸ்ஸியம்மா இரண்டு கைகளையும் விரித்துக் காட்டினார். தோல் உரிந்து சிவந்து கிடந்தன. அச்சன் அவற்றைப் பார்த்துவிட்டு லாசர் பக்கம் திரும்பினார்.

"பங்கு முழுசும் குடுத்தியா?" என்றார்.

"இல்ல அச்சா. கொஞ்சம் பாக்கி கெடக்கு."

"பாக்கி வெச்சிட்டா கோயிலுக்கு வாற? குடுத்திட்டு வா." திரும்பிப் பார்க்காமல் கோயிலுக்குள் போய்விட்டார். அவரும் கடற்கரையில் பிறந்தவர்தான் என்று அப்புறம் வண்டிக்காரர் சொன்னார்.

எங்கள் ஊருக்கு ஒரு கத்தோலிக்கர் வந்தால் நாங்களும் தாராளமாகச் சோறு போடுவோம். கூடவே ஒரு சுவிசேஷப் புத்தகத்தையும் கையில் திணிப்போம். இங்கே எனக்கு யாரும் எதையும் திணிக்கவில்லை. நானும் அந்த ஊரில் ஒரு வசனம்கூடச் சொல்லவில்லை. சொல்லாததில் எனக்கு வருத்தமும் இல்லை.

வண்டி கிளம்பும்போது பிரகாசி பாக்கிப் பங்குக்கு ஈடாகக் கருவாட்டுப் பெட்டியோடு ஓடிவந்தாள். கோயிலுக்குள்ளிருந்து ஓலை வாசிக்கும் அச்சனின் குரல் கேட்டது: "லாசர் மகள் திரேசம்மாள்..." பெட்டியை மணலில் போட்டுவிட்டுப் பிரகாசி அங்கேயே முழங்காலிட்டாள். மிஸ்ஸியம்மா வண்டியிலிருந்து குதித்து அவள் பக்கத்தில் முழங்காலிட்டார். நானும்.