இத்ரீஸ் ராவுத்தரின் மூக்கு

மூடியைத் திருகி, கேனைத் தூக்கி, மூக்குக்கு நேராகப் பிடித்து ஒரு இழு இழுப்பார். கண் பாதி மூடும். "ம்... சரக்கு சரிதான்" என்பார். அதற்கப்புறம்தான் டிராக்டருக்குள் ஒரு சொட்டு இறங்கும். இத்ரீஸ் ராவுத்தருக்கு ஐம்பத்தெட்டு வயசு. கம்பத்தில் வாடகைக்கு உழவு ஓட்டி முப்பது வருஷமாகிறது. டீசலானாலும் ஆயிலானாலும் மோந்து பார்க்காமல் வண்டிக்குக் கொடுத்ததே கிடையாது.

அந்த மூக்கு சாமானியப்பட்டதல்ல. டீசலில் மண்ணெண்ணெய் கலந்திருந்தால் கேன் வாசலுக்கு வரும்போதே சொல்லிவிடுவார். யாராவது பழைய டிராக்டர் வாங்கப் போனால் அவரையும் கூட்டிப் போவார்கள். சைலன்சர் பக்கம் குனிந்து புகையை மோந்து, "ஆயிலத் திங்குது, வேணாம்" என்பார். பேரம் அங்கேயே முறிந்துவிடும். குமுளிக்குப் போனால் ஏலக்காய்க் கடைக்காரர்கூட, "ராவுத்தரே, ஒண்ணு மணத்து நோக்கு" என்று மலையாளத்தில் மோந்து பார்க்கச் சொல்லி ஒரு கை அள்ளி நீட்டுவார்.

வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. ஆயில் தீர்ந்த அஞ்சு லிட்டர் கேனைத் தூக்கி எறிய மாட்டார்கள். திராட்சைக் கொடிக்கு அடிக்கிற வேப்பெண்ணெய், அதோடு கலக்கிற சோப்புக் கரைசல் எல்லாம் அந்தக் கேன்களில்தான் குடியிருக்கும். ஒரே நிறம், ஒரே மூடி, ஒரே அலமாரி. அவர் மனைவி சாபிரா, "ஏங்க, வேப்பெண்ணெய்க் கேனுக்கு ஒரு துணியாவது கட்டி வைப்போமே" என்று எத்தனையோ தடவை சொல்லிப் பார்த்துவிட்டாள்.

"அடையாளம் கட்டுறதெல்லாம் மூக்கில்லாதவக வேல. நமக்கு எதுக்குடி?" என்பார்.

அந்தப் பேச்சுக்கு ஆயுசு கம்மிதான். மாசியில் தோட்டத்துக்கு மருந்தடித்துவிட்டு வந்து படுத்தவருக்குக் காய்ச்சல் கண்டது. கூடவே மூக்கை அடைத்த சளி. பத்து நாளில் காய்ச்சல் போனது. போகும்போது வாசனையையும் கூட்டிக்கொண்டு போய்விட்டது. மசாலா மணக்கிற கறி ஆணமும் வெந்நீரும் அவருக்கு ஒன்றாகிவிட்டன. ஆனாலும் மனுஷன் ஒருத்தரிடமும் மூச்சுவிடவில்லை. "ராவுத்தருக்கு மூக்கும் போச்சு, வயசும் ஆச்சு, வேற வண்டியக் கூப்புடு" என்று ஒரு வாய் சொன்னால் போதும், அத்தனை உழவும் கைமாறிவிடும். அந்தப் பயம் அவரை ராத்திரியும் பகலும் அரித்தது.

வெள்ளிக்கிழமை ஜும்மாவுக்கு அத்தர் மட்டும் தூக்கலாகிப் போனது. பக்கத்து வரிசைக்காரர்கள், "என்ன இத்ரீஸு, நிக்காஹ் கிக்காஹ் வச்சிருக்கியா?" என்று கேலி செய்தார்கள். சிரித்துவைத்தார். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிற கதைதான். கேனை மோந்து பார்ப்பதையும் "சரக்கு சரிதான்" என்பதையும் மட்டும் அவர் விடவில்லை.

அது 2006. ஆனியில் வாய்க்காலில் தண்ணீர் வந்துவிட்டது. சேற்றில் இறங்கும் முன்பு வண்டிக்கு ஆயில் பார்த்தாக வேண்டும். அவருடைய டிராக்டரில் கியர் பெட்டிக்கும், பின்னால் கலப்பையைத் தூக்கி இறக்குகிற லிப்டுக்கும் ஒரே ஆயில். அளவுக் கம்பியை உருவிப் பார்த்தார். கோட்டுக்குக் கீழே நின்றது. அலமாரியிலிருந்து ஒரு கேனை எடுத்தார். திருகினார், தூக்கினார், இழுத்தார், "சரக்கு சரிதான்" என்றார். புனலை வைத்து மூன்று லிட்டர் போல ஊற்றினார்.

ஊற்றியது, சாபிரா முந்தின நாள் சோப்புக் கரைசல் கலந்து வைத்த வேப்பெண்ணெய்.

அன்றைய உழவு அழகுமலையின் மூன்று ஏக்கரில். நாற்றங்காலில் நாற்று முற்றிக்கொண்டிருந்தது. ஒரு நாள் விட்டு மறுநாள் நடவுக்கு ஆள் சொல்லியாகிவிட்டது. வயலுக்குள் இறங்குவதற்கு முன்பே, வண்டிப் பாதையில், தூக்கி வைத்திருந்த கலப்பை தானாகத் தாழ்ந்து தரையை உரசியது. லிவரை இழுத்தார். ஏறவில்லை. லிப்டு முனகியது. பெட்டிக்கு மேலே மூச்சு வாங்குகிற துவாரத்திலிருந்து நுரை பொங்கி வழிந்தது.

வரப்பில் நின்ற அழகுமலை துண்டால் மூக்கைப் பொத்தினார். "என்ன ராவுத்தரே, வண்டிக்குச் சொறி சிரங்கா? வேப்பெண்ணெய் வாட ஊரையே தூக்குது!"

இத்ரீஸ் சட்டென்று என்ஜினை நிறுத்தினார். இறங்கிப் போய் நுரையை விரலால் தொட்டு மூக்கடியில் வைத்தார். ஒன்றுமில்லை. இன்னும் நெருக்கி வைத்தார். ஒன்றுமேயில்லை. விரலை நாக்கில் வைத்தார். குடல்வரை கசந்தது.

மெக்கானிக் கர்ணனுக்குப் போன் பறந்தது. அரை மணி நேரத்தில் புது ஆயில் கேன்களோடு மொபெட்டில் வந்து இறங்கினான். அவன் இருபது வருஷமாக இந்த வண்டியைப் பார்க்கிறவன். "ஒடனே நிப்பாட்டுனீக பாருங்க, அதான் பொழச்சுச்சு. சேத்துல போட்டு இழுத்திருந்தா கியரு பல்லு அம்புட்டும் போயிருக்கும்" என்றான். மருந்து கலக்கும் பிளாஸ்டிக் டிரம்மை அடியில் தள்ளி, பெட்டியின் அடி நட்டைக் கழற்றினான். தயிர் கடைந்தது போல ஆயில் இறங்கியது. "வாய்க்காலுக்கு ஒரு சொட்டுப் போகப்படாது" என்று இத்ரீஸ் மல்லாந்து படுத்து டிரம்மை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். வடிகட்டியைக் கழற்றி டீசலில் அலசினார்கள். பெட்டிக்குள் டீசல் ஊற்றி, கியர் போடாமல் வண்டியைக் கொஞ்ச நேரம் ஓடவிட்டு, வடித்தார்கள். மறுபடியும் ஊற்றினார்கள், மறுபடியும் வடித்தார்கள்.

வண்டிக்கு அடியிலிருந்தபடியே கர்ணன் கேட்டான். "ஆமா, ஊத்துறப்ப மோந்து பாக்கலயா?"

"மோந்தேன்."

கர்ணனின் ஸ்பேனர் நின்றது.

"மோந்தீகளா?" என்றார் அழகுமலை. "வேப்பெண்ணெயவா?"

சளி பிடித்திருக்கிறது என்று ஒரு பொய் நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொல்லியிருப்பார். அந்த நேரம் பார்த்து சாபிரா வரப்பில் வேகவேகமாக வந்து சேர்ந்தாள். கையில் நிறை கேன். "தோட்டத்துக்கு மருந்து கலக்கலாம்னு தூக்குனா ஆயிலா இருக்கு. அப்பவே ஓடியாந்தேன்" என்றாள். டிரம்மைப் பார்த்தாள். சேறு அப்பிய முதுகோடு எழுந்து நின்ற புருஷனைப் பார்த்தாள். கிட்டே வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டாள்.

"பங்குனியில அடுப்புல பாலு தீஞ்சு தெருவே நாறுச்சு. நீங்க பக்கத்துலயே உக்காந்து பேப்பரு படிச்சீக. அன்னைக்கே எனக்குத் தெரியும்."

"ஏன் கேக்கல?"

"நீங்களா சொல்வீகன்னு இருந்தேன்."

இத்ரீஸ் மேல்துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு அழகுமலை பக்கம் திரும்பினார். "எனக்கு வாசன போயிருச்சு, அழகுமல. மாசியிலருந்து ஒண்ணும் தெரியல. வேற வண்டி பாக்குறதா இருந்தா பாத்துக்கப்பா, நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

அழகுமலை வாய்க்காலைப் பார்த்தார், கலப்பையைப் பார்த்தார். "வயல உழுகப் போறது மூக்கா, கலப்பையா? யானைக்கே அடி சறுக்குது. பொழுது சாயுறதுக்குள்ள ஒரு சால் உழவாவது ஓட்டிருவீகளா, அதச் சொல்லுங்க."

"ஓட்டிருவேன்" என்றார் இத்ரீஸ்.

கர்ணன் அடி நட்டை முடுக்கிவிட்டு வெளியே வந்தான். அவன் வாங்கி வந்திருந்த புதுக் கேன்களோடு சாபிரா கொண்டுவந்த கேனும் வரிசையில் நின்றது. இத்ரீஸ் முதலில் அதைத்தான் எடுத்தார். மூடியைத் திருகினார். முப்பது வருஷப் பழக்கத்தில் கை தானாக மூக்குக்கு ஏறியது. பாதியில் நின்றது. பிறகு கேனைத் திருப்பி, சாபிராவின் முகத்துக்கு நேராக நீட்டினார்.

அவள் முக்காட்டை ஒதுக்கிக்கொண்டு ஒரு இழு இழுத்தாள். கண் பாதி மூடியது. அவள் தலையாட்டும்வரை அவர் கேனைச் சாய்க்கவில்லை.