காலி அட்டை

சிட்லபாக்கத்தில் மருந்துக்கடை நடத்தியவர்களுக்கு ஒரு விஷயம் தெரியும். இங்கே யாரும் டாக்டர் சீட்டைக் கொண்டுவர மாட்டார்கள். தீர்ந்துபோன மாத்திரையின் காலி அட்டையைத்தான் கொண்டுவருவார்கள். அதைக் கடையின் கண்ணாடி மேசை மேல் வைத்து, "இதே குடும்மா" என்பார்கள். சர்க்கரை, பிரஷர், தூக்கம், எல்லாவற்றுக்கும் அட்டைதான். சீட்டு எங்கே என்று கேட்டால், வீட்டுப் பத்திரத்தைக் கேட்டதுபோல முகம் சுருங்கும். படித்தவர்கள் இருக்கிற அமைதியான ஏரியா என்று தரகர்கள் பெருமையாகச் சொல்வார்களே, அந்தப் படித்தவர்கள்தான்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டு சாரும் அப்படித்தான். பெரிய வேலையில் இருந்து ஓய்வுபெற்றவர். காலையில் ஏரிக்கரையில் நடந்துவிட்டுத் திரும்பும்போது தூக்க மாத்திரையின் காலி அட்டையோடு வந்து நிற்பார். "டாக்டரைப் பாத்து சீட்டு வாங்கிட்டு வாங்க சார், இது சும்மா குடுக்கற மாத்திரை இல்ல" என்று ஒவ்வொரு தடவையும் சொல்வேன். "பழைய மாத்திரைதானேம்மா, இதுக்குப் போய் கிளினிக்ல டோக்கன் போட்டு உக்காரணுமா? உனக்கு இஷ்டம் இல்லன்னா சொல்லு, வேற கடைக்குப் போறேன்" என்பார். கொடுத்துவிடுவேன். கொடுக்கவில்லை என்று நான் எங்கேயும் சொன்னதில்லை.

அப்போது தாம்பரம் பக்கம் வலி மாத்திரையை வாங்கிப் போதைக்குப் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரே பேச்சு. கடை கடையாகச் சோதனை வந்தது. என் கடைக்கு அதிகாரிகள் வந்த நேரம், சார் கையில் அட்டையோடு நின்றுகொண்டிருந்தார். வலி மாத்திரையில் ஒரு குறையும் அவர்களுக்குக் கிடைக்கவில்லை. தூக்க மாத்திரைக்கு டாக்டர் சீட்டு எங்கே என்று கேட்டார்கள். இல்லை. சாரிடம் விசாரித்தார்கள்.

"இந்தம்மாதான் குடுப்பாங்க சார். சீட்டு வேணும்னு இவங்க ஒரு நாள்கூட கேட்டதே இல்லையே. கேட்டிருந்தா கொண்டாந்திருப்பேனே."

என் முகத்தைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். அதை நினைத்தால் இன்றைக்கும் வயிறு எரிகிறது.

வழக்கு போட்டார்கள். வக்கீல் அலட்டிக்கொள்ளவே இல்லை. "தப்ப ஒத்துக்கங்க மேடம். கோர்ட் கலையற வரைக்கும் பெஞ்சுல உக்காரச் சொல்லுவாங்க, ஒரு ஃபைன் போடுவாங்க. அன்னிக்கே முடிஞ்சிடும். கேஸ் நடத்துனீங்கன்னா வருஷக்கணக்கா அலையணும்." எனக்கு இருந்த ஒரே கவலையை அவரிடம் கேட்டேன். கடை போனால்கூடப் பரவாயில்லை. மருந்தாளுநர் என்ற என் பதிவு இருந்தால் எந்தக் கடையிலும் வேலைக்கு நின்று பிழைத்துக்கொள்வேன். அதற்கு ஆபத்து வராதே? "அதெல்லாம் ஒண்ணும் ஆகாது மேடம்" என்றார், போனைப் பார்த்துக்கொண்டே.

ஒத்துக்கொண்டேன். கோர்ட் கலையும்வரை பெஞ்சில் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்ததும் தலை முழுகிவிட்டோம் என்று நிம்மதியாக ஒரு காபிகூடக் குடித்தேன்.

முதலில் கடை லைசென்ஸ் ரத்தானது. பின்னாலேயே மருந்தாளுநர் பதிவேட்டிலிருந்து என் பெயரை நீக்கினார்கள். காரணம், நான் தண்டனை பெற்றவளாம். மருந்து சம்பந்தப்பட்ட குற்றத்தை என் வாயாலேயே ஒத்துக்கொண்டவளாம். வக்கீலிடம் ஓடினேன். "அது வேற டிபார்ட்மென்ட் மேடம்" என்று கை கழுவிவிட்டார்.

பாவம் ஓரிடம், பழி ஓரிடம் என்று சொல்லி நான் தப்பிக்கப் போவதில்லை. பாவத்தில் எனக்கும் பங்கு உண்டு. மொத்தப் பழியும் ஏன் என் தலையில் மட்டும் விழ வேண்டும் என்பதுதான் என் கேள்வி. பொழிச்சலூரில் ஒரு கடை இருக்கிறது. சுவரில் யாரோ ஒருவருடைய சான்றிதழ் தொங்குகிறது. அந்த ஆளைக் கடையில் பார்த்தவர் எவருமில்லை. அந்தக் கடைக்காரர் எனக்கு ஆள் விட்டுச் சொன்னார்: "அக்காவ வந்து மாத்திர எடுத்துக் குடுக்கச் சொல்லு. சர்டிபிகேட்டுதான் செவுத்துல கீதே, அப்புறம் இன்னா?" கடையில் நிற்காதவருடைய சான்றிதழ் செல்லும். நாள் முழுக்க நின்றவளுடையது செல்லாது. அந்தப் பக்கமே நான் போகவில்லை. என் தெருவோ அட்டைகளைத் தூக்கிக்கொண்டு நேராக அங்கேதான் போனது. "பாவம், நல்ல அம்மா, இப்படிப் பண்ணிட்டாங்களே" என்று என் காதில் விழும்படியே பேசிக்கொண்டு போனது.

ஒரு சாயங்காலம் சார் என் வீட்டு கேட்டைத் தட்டினார். கையில் காலி அட்டை.

"பொழிச்சலூர்ல திடீர்னு சீட்டு கேக்கறான்மா. கடைய எடுத்தப்ப வீட்டுல மிச்சம் ஏதாவது வெச்சிருப்பியேன்னு..."

நான் கேட்டைத் திறக்கவில்லை. அவ்வளவு கோபம். என் படிப்பு, என் பிழைப்பு எல்லாம் இந்த மனிதரின் ஒரு பொய்யில் போயிருக்கிறது. அவருக்கு நான் இன்னும் மருந்துக்கடைதான்.

"நான் சீட்டே கேட்டதில்லைன்னு அன்னைக்குச் சொன்னீங்களே சார். இப்ப கேக்கறேன். எங்க சீட்டு?"

தெருவின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

"டாக்டர் எழுதித் தர மாட்டேங்கறார்மா."

"எப்பலேர்ந்து?"

"அவர் நிறுத்தச் சொன்னப்புறம்தானேம்மா நான் உன் கடைக்கே வர ஆரம்பிச்சேன்."